பாசிர் ரிஸ் பல்லிகளும் என் குரோமோசோம் ரிப்போர்ட்டும்

பல்லி பார்க்க சிங்கப்பூர் போனேன் என்று சொன்னால் திண்டுக்கல்லில் ஒருவரும் நம்புவதில்லை. மாப்பிள்ளை பார்க்கப் போனேன் என்றால் உடனே நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே உண்மைதான். என்னைக் கேட்டால் பல்லிதான் முதல் காரணம். என் அக்காவைக் கேட்டால் பல்லி என்பது நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாத காரணம்.

இந்த வலைப்பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. வயது முப்பத்தொன்பது. விடுமுறை விட்டால் பல்லி, அரணை, ஓணான் பார்க்கக் கிளம்பிவிடுவேன். போன வழியையும் ஆன செலவையும் இங்கே எழுதுவேன். பறவை பார்க்கப் போகிறவர்களுக்குப் பெரிய கேமரா இருக்கிறது, ஊரில் மரியாதையும் இருக்கிறது. எனக்கு ஒரு டார்ச்சும், "வீட்டுச் சுவத்தப் பாத்தா பத்தாதா?" என்ற கேள்வியும்தான். பத்தாது.

ஏன் பத்தாது என்றால், சிங்கப்பூரின் கடலோர அலையாத்திக் காடுகளில் விரல் நீளத்தில் ஒரு பல்லி இருக்கிறது. அந்த இனமே முழுக்கப் பெண். பெண் முட்டையிடும், ஆண் பக்கத்தில் வராமலே அது பொரியும், வெளியே வருவதும் பெண்தான். எப்போதாவது அபூர்வமாக ஓர் ஆண் பிறந்தாலும் அதனால் எந்தப் பயனும் இல்லை. பத்து வருடமாகப் படத்தில் பார்த்ததை நேரில் பார்க்க வேண்டும் என்று இந்த மே மாதக் கோடை விடுமுறையில் பதினொரு நாள் போய்வந்தேன். திருச்சியிலிருந்து நேர் விமானம், நான்கு மணி பத்து நிமிடம். போக வர ரூ. 23,600. விசாவுக்கு ஏஜென்ட் வாங்கியது ரூ. 3,400. தங்கியது உட்லண்ட்ஸில் அக்கா வீட்டில் என்பதால் அறை வாடகை இல்லை. ஆனால் அங்கே தங்குவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது.

அக்கா ரெஜினா கல்யாணமாகி அங்கே போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கணவர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். அக்கா மாதா கோவிலில் தமிழ்ப் பூசைக்குப் பாடுகிறாள். அவள் எனக்காகப் பார்த்து வைத்திருந்தவர் பெயர் அருள்ராஜ். நாற்பத்தாறு வயது, சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. என் பெட்டியை வாங்கித் தள்ளுவண்டியில் வைப்பதற்கு முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த விஷயத்த மட்டும் அவர்கிட்ட வாயத் தொறக்காத, ஜெசி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"தெரியாம ஒருத்தர் எப்படிக்கா கட்டிக்கிறது?"

"எல்லாரும் எல்லாத்தையும் சொல்லிட்டா கட்டிக்கிறாங்க? வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத."

அந்த விஷயம் என்னவென்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை பூட்டி வைத்துத் திறக்க இது துப்பறியும் கதை இல்லை.

பதினேழு வயதாகியும் நான் வயதுக்கு வரவில்லை. அக்காவுக்குப் பந்தல் போட்டுச் சடங்கு நடத்திய அதே வீட்டில், எனக்கு எடுத்து வைத்த பட்டுப்பாவாடை பெட்டியிலேயே கிடந்து எனக்குக் குட்டையாகிப் போனது. மதுரைக்கு அழைத்துப்போய் ரத்தம் எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து வந்த தாளில் ஒரே ஒரு வரிதான் முக்கியம்: 46, XY.

நான் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடம். வருடா வருடம் என் கையாலேயே கரும்பலகையில் எழுதுகிறேன்: XX என்றால் பெண், XY என்றால் ஆண். எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்புகிறேன், புடவையில்.

நடந்தது இதுதான். என் Y-யில் இருக்கும் மரபணு, நான் கருவாக இருந்தபோதே அதன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆண் சுரப்பிகளை உண்டாக்கியது, அவையும் ஹார்மோனைச் சுரந்தன. என் உடம்பின் செல்கள்தான் அந்த ஹார்மோன் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தேன். கருப்பை மட்டும் இல்லை. உள்ளே இருந்த சுரப்பிகளை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை. "நீ பொண்ணுதாம்மா, அதுல உனக்குச் சந்தேகமே வேணாம்" என்றார் டாக்டரம்மா. எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் பயம். அக்கா அந்தத் தாளை நாலாக மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதை அவளிடமிருந்து பிடுங்கினேன்.

சரி, பல்லிக்கு வருவோம். உட்லண்ட்ஸில் அக்கா வீடு ஒன்பதாவது மாடி. சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளின் பொது நடையில், அதாவது காரிடாரில், விளக்கு எரியும் இடமெல்லாம் மாலை ஏழரைக்குள் பல்லி வந்துவிடும். காசு செலவழிக்காமல் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். பெரும்பாலும் நம் வீட்டுச் சுவரில் சத்தமாகக் கூப்பிடுமே, அந்த மாதிரிப் பல்லிதான். அதில் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. நம்மைப் போல ஆணிடம் XY. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது.

குரோமோசோம் சோதனை எப்படிச் செய்கிறார்கள் என்றால், ரத்தத்தை மூன்று நாள் வளர்த்து, செல்கள் பிரியும் நடுவில் அவற்றை நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டுவிட்டு, சாயம் ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். பிறகு படத்திலிருந்து ஒவ்வொரு குரோமோசோமாகப் பிரித்து, துவைத்த சாக்ஸை ஜோடி சேர்ப்பதுபோல் அளவு பார்த்து ஜோடி சேர்க்கிறார்கள். மனிதர்களில் X பெரியது, Y குட்டி. ஜோடி சேர்க்கும்போதே கண்ணில் பட்டுவிடும். என்னுடையதும் அப்படித்தான் பட்டது. பல்லிகளில் அந்தக் கதை நடக்காது. அவற்றின் குரோமோசோம்கள் பெரும்பாலும் வெறும் குச்சிகள், பெரியதிலிருந்து சிறியதுவரை படிப்படியாக இறங்கும். ஆணைத் தீர்மானிக்கிற ஜோடியும் மற்ற ஜோடிகளைப் போலவே இருக்கும். பல இனங்களில் எந்த ஜோடி என்று நுண்ணோக்கியில் காட்டவே முடியாது, மரபணுவைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆண் பல்லி என்று தெரிய வேண்டுமானால் தொடைக்கு அடியில் வரிசையாக இருக்கும் சின்னத் துளைகளைப் பாருங்கள், அது போதும்.

இரண்டாம் நாள் மாலை நடையில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கு ஓரத்தில் சண்டை போட்ட இரண்டில் ஒன்று என் தோளில் விழுந்து, குதித்து ஓடிவிட்டது. அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"எந்தத் தோளு?"

"வலது."

"ஐயோ இயேசுவே" என்று உள்ளே ஓடினாள். பூசையில் பாடுகிறவள் வீட்டில், சமையலறைக் கதவுக்குப் பின்னால், லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கத்துக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அதன் அட்டையின் பின்பக்கம் பல்லி விழும் பலன். ஆணுக்கு வலப்பக்கம் விழுந்தால் நல்லது, பெண்ணுக்கு இடப்பக்கம். நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

"பொம்பளைக்கு வலது ஆகாது. மாப்பிள்ளை வர்ற நேரத்துல இப்படி விழுந்து தொலைச்சிருக்கே."

"அக்கா, என் ரிப்போர்ட்படி வலது நல்லதாச்சே. என்னை எந்த லிஸ்ட்ல பாக்குற?"

சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் கை அட்டையைப் பிடித்தபடி நின்றுவிட்டது. அப்புறம் "வாயக் கழுவு, போ" என்று அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அருள்ராஜைச் சந்திப்பதாக ஏற்பாடு. உட்லண்ட்ஸிலிருந்து ஃபேரர் பார்க்குக்கு எம்ஆர்டி ரயில், தோபி காட் நிலையத்தில் ஒரு வண்டி மாறவேண்டும். ஐம்பத்திரண்டு நிமிடம், 2 வெள்ளி 8 காசு (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்). அங்கிருந்து கோவில் நடக்கும் தூரம். பூசை முடிந்ததும் ஓலை வாசித்தார்கள். தெரியாதவர்களுக்கு: எங்கள் கத்தோலிக்கத் திருமணங்களில், கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறுகளில் மணமக்கள் பெயரைச் சபையில் அறிவிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் வந்து சொல்ல வேண்டும் என்பார்கள். அன்று வாசித்தது யாரோ இருவருக்கு. நான் மட்டும் அந்த இடத்தில் என் பெயரைப் போட்டுக் கேட்டுக்கொண்டேன். மூன்று ஞாயிறு என் பெயரை வாசிப்பார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்பார்கள், எல்லாம் தெரிந்த நான் முதல் வரிசையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளை பெற முடியாதது கோவில் சட்டத்தில் தடை இல்லை என்று எனக்குத் தெரியும். மறைப்பதுதான் உறுத்தியது.

மதியம் லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு, தலைக்கு 9 வெள்ளி 50 காசு. சைவம். கூட்டு அருமை, ரசம் சுமார். கைகழுவும் இடத்தில் வரிசை நிற்கும், பதினொன்றரைக்கே போய்விடுங்கள்.

அருள்ராஜ் நல்ல மனிதர். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இலையில் தண்ணீர் தெளிக்கும்போதே, "மிஸ், சிங்கப்பூர்ல என்ன பாக்கணும்? மரினா பே? சென்தோசா?" என்று கேட்டார். பல்லி என்றேன். அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவர் சிரிக்கவில்லை, கண் விரிந்தது.

"எங்க கார்கோல நிறைய வரும் மிஸ். ஆர்க்கிட் பாக்ஸ தொறந்தா உள்ள ஒண்ணு உக்காந்திருக்கும். ஒரு தடவ ஒரு மரப்பெட்டில ரெண்டு முட்ட, கம் போட்ட மாதிரி ஒட்டியிருந்துச்சு. எடுக்கவே முடியல லா." அந்த 'லா' சிங்கப்பூர்ப் பேச்சு, அர்த்தம் தேடாதீர்கள்.

சில பல்லிகள் முட்டையை அப்படித்தான் ஒட்டிவைக்கும் என்றும், கப்பலிலும் மிதக்கும் மரக்கட்டையிலும் ஒட்டிக்கொண்டே பல தீவுகளுக்குப் பரவியிருக்கின்றன என்றும் சொன்னேன். ஆண் தேவைப்படாத இனமாக இருந்தால் ஒரே ஒரு முட்டை கரை சேர்ந்தால் போதும், ஊரே உண்டாகிவிடும். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எழுதுவதற்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பாயசம் வந்தபோது அவரே பேச்சை எடுத்தார்.

"அக்கா சொன்னாங்க, ஏஜ்னால பேபிக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்னு. பரவால்ல மிஸ். டாக்டர் இருக்காங்க, ட்ரீட்மென்ட் இருக்கு. நானும் என் வைஃபும் ரெண்டு தடவ ட்ரை பண்ணோம். அப்புறம் அவளுக்கு சிக் ஆயிடுச்சு. இப்ப மறுபடி ட்ரை பண்ணலாம்னு ஒரு ஹோப் இருக்கு."

அக்கா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்துக்கொண்டிருந்தது, அக்கா எதையும் சொல்லாமல் விட்டிருக்கிறாள் என்று. அவள் ஒரு பொய்யைச் சொல்லியே வைத்திருக்கிறாள். அந்த மனிதர் அதை நம்பி ஆஸ்பத்திரிவரை மனதில் போய் வந்துவிட்டார். இந்தப் பொய் என் உடம்பை மூடுகிற துணி மட்டும் இல்லை, அவருடைய மீதி வருடங்களையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போகும். செவ்வாய்க்கிழமை தனக்கு மாலை நான்கரைக்கு வேலை முடியும், பாசிர் ரிஸ் அலையாத்திக் காடு பக்கம்தான், சேர்ந்து போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன். சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

உட்லண்ட்ஸிலிருந்து பாசிர் ரிஸ் போவது சிங்கப்பூரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவது. சிட்டி ஹாலில் மாறி, மொத்தம் ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம், 2 வெள்ளி 41 காசு. நான்கு மணிக்குக் கிளம்பினால் அலுவலகக் கூட்டத்துக்கு முன்னால் உட்கார இடம் கிடைக்கும். நிலையத்திலிருந்து பூங்காவுக்குப் பதினைந்து நிமிட நடை. பூங்காவுக்குள் அலையாத்திக் காட்டின் மேலே பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. நாங்கள் போனபோது அப்போதுதான் மழை விட்டிருந்தது, பலகை வழுக்கியது. அருள்ராஜ் வேலை பூட்ஸோடும் ஒரு பெரிய குடையோடும் நின்றிருந்தார். அக்காவும் வந்திருந்தாள், எனக்குக் காவல்.

சூரியன் மறைந்தது ஏழு மணி ஐந்துக்கு. ஏழு இருபத்திரண்டுக்கு முதல் பல்லி. கைப்பிடிக் கட்டையின் வெடிப்பிலிருந்து தலையை நீட்டியது. டார்ச்சை நேராக அடிக்காமல் விரலால் மூடி, கசியும் வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிறிய பழுப்பு, முதுகில் வளைந்து வளைந்து கருங்கோடுகள், என் ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு கொசுவைப் பிடித்தது, நாக்கால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் இதற்குத் துக்கப் பல்லி என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தவரையில் துக்கத்துக்கான அறிகுறி எதுவும் இல்லை, பசிதான் இருந்தது. பத்து வருட ஆசை. கத்த வேண்டும்போல் இருந்தது, பல்லி ஓடிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்து வெடிப்பில் இரண்டு முட்டைகள், சுண்டைக்காய் அளவில், ஒட்டியபடி. அருள்ராஜ் குனிந்து பார்த்தார்.

"ஆம்பளையே இல்லாம எப்படி மிஸ் குட்டி வரும்?"

சாதாரணமாக ஒரு முட்டை, தாயிடம் இருக்கும் குரோமோசோம்களில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும், மீதி பாதி அப்பாவிடமிருந்து வர வேண்டும். இந்தப் பல்லியின் முட்டை முழுத் தொகுதியையும் தானே வைத்துக்கொள்கிறது. சிலவற்றுக்கு இரண்டு தொகுதி, நாற்பத்து நான்கு. சிலவற்றுக்கு மூன்று தொகுதி, அறுபத்தாறு. எங்கோ எப்போதோ வெவ்வேறு இனப் பல்லிகள் கலந்ததில் உருவானவை. பிறகு வேறு பல்லிகளைப் பற்றியும் சொன்னேன். வீட்டுப் பல்லியில் ஆணிடம் மாறுபட்ட ஜோடி. சில இனங்களில் கோழியைப் போலப் பெண்ணிடம் மாறுபட்ட ஜோடி, அதை ZW என்போம். சிறுத்தைப் பல்லி என்று ஒன்று, அதற்குக் குரோமோசோம் கணக்கே இல்லை, முட்டை கிடக்கும் மண்ணின் சூடுதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. பல்லிக் குடும்பத்தில் இந்த ஏற்பாடு ஒரு முறை இல்லை, பலமுறை மாறியிருக்கிறது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை, உலகம் முழுக்கச் சுவரில் இருக்கின்றன.

"நல்லவேள, மனுசனுக்கு ஸ்ட்ரெய்ட்டா ரெண்டே ரெண்டு. சிம்பிள்" என்றார் அவர்.

"மனுஷனுக்கும் அவ்வளவு சிம்பிள் இல்லங்க."

"ஜெசி, கொசு பிடுங்குது. கிளம்பலாம்" என்றாள் அக்கா.

"கொஞ்சம் இருக்கா." டார்ச்சை அணைத்தேன். "அருள், அக்கா உங்ககிட்ட சொன்னது உண்மை இல்ல. வயசுனால இல்ல. எனக்குக் கர்ப்பப்பையே கிடையாது. பொறந்ததுலேருந்தே. என்னோட குரோமோசோம் XY. பதினேழு வயசுல டெஸ்ட் பண்ணித் தெரிஞ்சது."

பாலத்துக்குக் கீழே சேற்றில் நண்டோ மீனோ துள்ளும் சத்தம் கேட்டது. 'அப்போ நீ ஆம்பளையா?' என்று கேட்பார் என்று இருபத்திரண்டு வருடமாக இந்த நிமிடத்துக்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப டாக்டர்... ஒண்ணுமே பண்ண முடியாதா?"

"முடியாது."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, பல்லி இருந்த பக்கம் இல்லை. "நீங்க..." என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் நின்றார்.

"நான் பொண்ணுதான். அத உங்ககிட்ட கேக்கல. சொல்றேன்."

தலையை ஆட்டினார். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள். அருள்ராஜ் பேசியபோது குரல் தெளிவாகவே இருந்தது. "மிஸ், நான் பொய் சொல்ல விரும்பல. எனக்குப் பிள்ளை வேணும். அவளோட ரெண்டு தடவ போச்சு. அந்த ஆச போகவே மாட்டேங்குது. சாரி லா."

"தெரியும். அதனாலதான் சொன்னேன்."

தத்தெடுப்பது பற்றி நான் பேசவில்லை. பேரம் பேச நான் அங்கே போகவில்லை. மறுபடியும் தூறல் விழுந்தது. அவர் தன் குடையை அக்கா கையில் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே எங்களை டாக்சி நிற்கும் இடம்வரை கொண்டுவந்து விட்டார். ஏறும்போது, "இவ்ளோ நாள்ல யாரும் எனக்கு இப்படி நேரா ஒரு விஷயம் சொன்னதில்ல" என்றார். அவர் போனபிறகு எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால், அது அக்கா சொன்னதைவிடப் பெரிய பொய்.

டாக்சி உட்லண்ட்ஸுக்கு முப்பத்தொரு நிமிடம், 29 வெள்ளி 40 காசு. ஓட்டுநர் தமிழர், அறுபது வயது இருக்கும். வண்டி பத்து நிமிடம் ஓடியிருக்கும். பிறகு அக்கா வெடித்தாள்.

"சந்தோசமா? ஒரு நல்ல மனுசன். வீடு இருக்கு, வேலை இருக்கு. உன் வாயாலேயே கெடுத்துக்கிட்டியேடி."

"நீ சொன்ன பொய்யோட அவர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சா அது நல்லதா?"

"அப்புறமா பக்குவமா சொல்லியிருக்கலாம்ல?"

"எப்ப? ஓலை வாசிச்ச பிறகா, தாலி கட்டுன பிறகா?"

"பதினேழு வயசுல உன்னை ஊர்ல ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னுதான்டி அந்தத் தாள மறைச்சேன். அம்மாவே தொட மாட்டேன்னுச்சு. நான்தான் எடுத்து வச்சேன்." அவள் குரல் உடைந்தது. "இனிமே உன்னை யாரு கட்டிப்பா?"

அம்மா அதைத் தொட மறுத்தது எனக்கு அன்றுவரை தெரியாது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பதிலை மாற்றவில்லை. "கட்டிக்கிறவன் தெரிஞ்சு கட்டிக்கட்டும். இல்லாட்டி கட்டிக்க வேணாம். என்னை மறச்சு வச்சு யார் கையிலயும் குடுக்காத."

வண்டி அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே நின்றது. நாங்கள் இறங்கவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்க்காமலே, "மீட்டர் ஆஃப் பண்ணிட்டேன் லா. பேசி முடிச்சிட்டு இறங்குங்க, அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய்ச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். அவருக்கு இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மீதி நாட்களில் பாசிர் ரிஸ்ஸுக்குத் தனியாக இரண்டு முறை போனேன். மொத்தம் பதினேழு பல்லிகளை எண்ணினேன். ஒவ்வொன்றையும் படம் எடுத்திருக்கிறேன், கீழே போட்டிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, பாவம், ஆறுதல் தேடிப் பல்லியிடம் போனாள் என்று தயவுசெய்து பின்னூட்டம் போடாதீர்கள். பல்லி எனக்கு வக்கீல் இல்லை. அதன் குரோமோசோம் வேறு, என்னுடையது வேறு. எனக்கு நடந்ததற்கும் அதற்கு நடந்ததற்கும் சம்பந்தம் கிடையாது. நான் சொல்வது இவ்வளவுதான்: இயற்கைக்கு ஒரே ஒரு சட்டம்தான், அதை மீறியவள் நீ என்று யாராவது என்னிடம் சொன்னால், அவர் வீட்டுச் சுவரைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பாடப்புத்தகத்தில் இருக்கும் வரி பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். பெரும்பாலானவர்கள் என்பதற்கு எல்லோரும் என்று பொருள் இல்லை. கணக்கு வாத்தியாரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மழை விட்ட மாலை சிறந்தது, ஏழு பதினைந்துக்குள் பாலத்தில் இருங்கள். கொசு மருந்து கட்டாயம், ஆனால் அதைத் தடவிய கையால் கைப்பிடியைத் தொடாதீர்கள், பல்லியின் தோலுக்கு ஆகாது. டார்ச் மங்கலாக இருக்கட்டும், கேமரா ஃபிளாஷ் வேண்டாம். பிடிக்காதீர்கள், முட்டையைத் தொடாதீர்கள். அங்கே காட்டுயிரைப் பிடிப்பது குற்றம், ஊருக்கு ஒன்று கொண்டுபோய் வளர்க்கலாம் என்ற யோசனையையும் விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். வழுக்காத செருப்பு, ஒரு குடை. திரும்ப எம்ஆர்டியிலேயே வந்தால் டாக்சிக் காசு மிச்சம். வரும் வழியில் சண்டை போடுகிற உத்தேசம் இருந்தால் டாக்சிதான் வசதி.

இன்னொரு குறிப்பு, பல்லி பார்க்காதவர்களுக்கும். என்னைப் போன்ற ஒரு ரிப்போர்ட் உங்கள் வீட்டில் எங்காவது நாலாக மடித்து இருந்தால், அது யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதை யாரிடம், எப்போது சொல்வது, சொல்லாமலே இருப்பதா என்பது அவர் பாடு. ஆனால் அவர் சார்பில் பொய்யை மட்டும் யாரும் சொல்லி வைக்காதீர்கள்.

இதைப் போடுவதற்கு முன்னால் அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். போடாதே என்று சொல்லவில்லை, அதுவே பெரிது. "பள்ளிக்கூடத்துல கேப்பாங்கடி. பெத்தவங்க வந்து நிப்பாங்க. பேரையாவது மாத்திப் போடு" என்றாள். கேட்கட்டும். வந்து நிற்கட்டும். அவள் சொன்னதற்காக அவள் பெயரை மாற்றியிருக்கிறேன், மாப்பிள்ளையாகப் பார்த்தவர் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தாதான்.